வீட்டுக்குள் குடியேறும் காட்டுயிர்கள்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டத்தில், ஊரைச் சுற்றி ஏதேனும் ஒரு குன்று இருக்கும், ஓர் ஏரி இருக்கும், வேர்க்கடலைக் கொல்லையோ கரும்புத் தோட்டமோ இருக்கும். அங்கே வாழும் உயிர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எந்த விலங்காக இருந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்: முதலில் அது இன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அடுத்து அது வெளியேற வேண்டும், அதன் பிறகே வழியை அடைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களின் வீட்டில்தான் பரணில் பிணவாடை அடிக்கிறது, படுக்கையறைக்குள் பாம்பு வருகிறது.

இரவில் பரண்மேல் ஏதோ ஓடுகிறது. எலியா, வேறு ஏதாவதா?

சத்தம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். பகலில் கேட்டால் பெரும்பாலும் அணில். விளக்கணைத்த பிறகு கறகறவென்று பிறாண்டும் ஓசை எலியுடையது. ஆள் நடப்பதைப் போல் தொம் தொம் என்று கேட்டு, நள்ளிரவில் ஒருமுறையும் விடியலுக்கு முன் ஒருமுறையும் வந்தால் அது மரநாயாக இருக்கலாம். மாலை மங்கும்போது கீச்சொலி கேட்டு அடங்கினால் வௌவால்.

எச்சம் இன்னும் தெளிவாகச் சொல்லும். மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டைகள் அப்படியே கிடக்கும். மொட்டை மாடிச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ ஒரே இடத்தில் தொடர்ந்து இடும். எலிப்புழுக்கையும் வௌவால் எச்சமும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள். வௌவாலுடையது பொடிப்பொடியாக உதிரும், அதில் பூச்சியிறகுகள் மினுக்கும். எலியுடையது கெட்டியாக இருக்கும். காய்ந்த எச்சத்தைக் கையால் தொடவும் வேண்டாம், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம்.

சந்தேகம் தீரவில்லையென்றால், அது வந்துபோகும் பொந்தின் வாயில் கோலமாவைத் தூவி வையுங்கள். காலையில் கால்தடம் பதிந்திருக்கும். தடம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும். அடைக்கும் நாளில் அது உங்களுக்கு உதவும்.

மரநாய் பரணில் குட்டி போட்டிருக்கிறது. எப்படி வெளியேற்றுவது?

குட்டிகளைத் தொடாதீர்கள், பொந்தையும் அடைக்காதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டிகள் பட்டினியில் சாகும். தாய் ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். மரநாய் பழந்தின்னி. பப்பாளி, வாழை, சப்போட்டா, பனம்பழம் என்று தேடிப்போகும். எலியையும் பிடித்துத் தின்னும். அதற்கு மனிதர்மேல் எந்த விரோதமும் இல்லை, மூலையில் மடக்கினால் மட்டுமே கடிக்கும். இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். அவை தாயோடு இரவில் வெளியே போகத் தொடங்க இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்.

பொறுக்க முடியுமானால் அதுவரை பொறுப்பதே நல்லது. இயலாது என்றால் பரணை அதற்கு வாழப் பிடிக்காத இடமாக மாற்றலாம். மரநாய்க்கு இருட்டும் அமைதியும் வேண்டும். பகல் முழுவதும் பரணில் ஒரு விளக்கை எரியவிட்டு, வானொலியில் யாராவது பேசிக்கொண்டே இருக்கும் நிலையத்தை வையுங்கள். சில நாட்களில் தாயே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். பிறகு கோலமாவுச் சோதனை செய்யுங்கள். தொடர்ந்து சில இரவுகள் தடமே இல்லையென்றால் கம்பிவலை அடித்து அடையுங்கள். வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் மாமரக் கிளையையும் முருங்கைக் கிளையையும் அன்றே கழித்துவிட வேண்டும். மரத்துக்கும் மாடிக்கும் பாலம் இருக்கும்வரை அடுத்த மரநாய் வரத்தான் செய்யும்.

கூண்டு வைத்துப் பிடித்து அமிர்தி காட்டில் விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வனத்துறை அனுமதியின்றிப் பிடிப்பது சட்டவிரோதம். அது ஒருபுறமிருக்க, பழகாத காட்டில் விடப்பட்ட விலங்குக்கு இரை கிடைக்கும் இடமும் தெரியாது, ஒளியும் இடமும் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் மரநாய்கள் அதை விரட்டும். கருணை என்று நினைத்துச் செய்வது பெரும்பாலும் அதன் சாவில்தான் முடிகிறது.

பாம்பு உள்ளே வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழந்தைகள், முதியவர்கள், நாய், பூனை எல்லாரையும் அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தொலைவில் நின்று பாம்பைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். பார்வையிலிருந்து தப்பிய பாம்பைத் தேடுவதுதான் கடினம். வெளிவாசல் அருகில் இருந்தால் அதைத் திறந்துவிட்டு, மற்ற அறைகளுக்குப் போகும் கதவுகளைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். சத்தம் போடாமல் விட்டால் பல பாம்புகள் வந்த வழியே போய்விடும். போகவில்லையென்றால் தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். பாம்பு பிடிக்க அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. வனத்துறையையும் அழைக்கலாம். தனியார் மீட்பாளரைக் கூப்பிட்டால் அவர் வனத்துறையின் அனுமதியோடு வேலை செய்பவரா என்று கேளுங்கள். பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பை எடுத்து அடிக்கப் போகும் வேளையில் கடிபடுபவர்கள் நிறைய. பாம்பு நம்மைத் துரத்தி வந்து கடிப்பதில்லை, நெருங்கினால்தான் கடிக்கும்.

அது நஞ்சுள்ள பாம்பா என்று எப்படி அறிவது?

நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நல்லபாம்பு படமெடுக்கும். கண்ணாடிவிரியன் தடித்த உடலில் சங்கிலிபோன்ற நீள்வட்டப் புள்ளிகளோடு, உரக்கச் சீறும். சுருட்டைவிரியன் ஓரடி, ஒன்றரை அடிதான் இருக்கும். பாறையும் காய்ந்த மண்ணும் உள்ள நம் குன்றடிவாரங்கள் அதற்குப் பிடித்தவை. செதில்களை உரசி அரத்தால் தேய்ப்பதுபோல் ஓசை எழுப்பும். சிறியதுதானே என்று அதை அலட்சியம் செய்யக்கூடாது.

குழப்பம் வருவது கட்டுவிரியனில்தான். வீட்டுச் சுவரேறிப் பல்லி தின்னும் நஞ்சற்ற ஓநாய்ப்பாம்பை, கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துக் கொல்கிறார்கள். ஓநாய்ப்பாம்பின் வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையருகே பெரும்பாலும் பட்டை இருக்காது. சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை மெல்லிய இரட்டைக் கோடுகளாகப் போகும். இதைப் படித்துவிட்டுக் கிட்டப்போய்ச் சரிபார்க்கக் கூடாது. தெரியாத எதையும் நஞ்சுள்ளது என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

இன்னொன்று: முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே நல்லபாம்புக் குட்டிக்கு நஞ்சு உண்டு. குட்டிதானே என்று முறத்தில் அள்ளிப் போடுவது ஆபத்து.

கடித்துவிட்டால்?

108. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள்; வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப்பிடித்துக் கொண்டுவரச் சொல்லி எந்த மருத்துவரும் கேட்பதில்லை. நான்கு நஞ்சுக்கும் சேர்த்தே மாற்றுமருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பாம்புக்கடிச் சிகிச்சை உண்டு. எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். அந்த மாற்றுமருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. நம் வடாற்காட்டிலும் இருளர் குடியிருப்புகள் உண்டு. அவர்களுடைய அறிவு பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதற்கு நாம் காட்டும் மரியாதை இன்னும் போதவில்லை.

கட்டுவிரியன் கடி தனியாகச் சொல்லத்தக்கது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும். வலியிருக்காது, தழும்பும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் அஜீரணம் என்று நினைத்துச் சோடா கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வது கொசுவுக்கும் கட்டுவிரியனுக்கும் சேர்த்தே காவல்.

பூண்டு, பெருங்காயம், பினாயில், அந்துருண்டை போட்டால் பாம்பு வராதாமே?

வரும். பூண்டுக்கரைசல் தெளித்த வாசற்படியைப் பாம்பு தயங்காமல் தாண்டும். கார்பாலிக் அமிலம் பாம்பை விரட்டும் என்று ஊற்றுபவர்கள் தங்கள் தோலையும் குழந்தைகளின் கண்ணையும்தான் ஆபத்தில் வைக்கிறார்கள். அந்துருண்டையைக் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டால் இரத்த அணுக்கள் சிதையும் அபாயம் உண்டு.

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது, தவளையைத் தேடி வருகிறது, வெயிலுக்குக் குளிர்ச்சியைத் தேடி வருகிறது. சுவரோரம் அடுக்கிய விறகு, தென்னை மட்டை, உடைந்த ஓடு, செங்கல் குவியல் ஆகியவற்றை வீட்டிலிருந்து விலக்கி, தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் பலகை போட்டு அடுக்குங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்கு ஜாலி போடுங்கள். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள். கதவடி இடுக்கில் ரப்பர் பட்டை அடியுங்கள். கோழிக்கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தால் தள்ளி வையுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு, ஆண்டு முழுவதும் வாங்கும் பினாயிலைவிடக் குறைவு.

நல்லபாம்பைக் கொன்றால் ஜோடி வந்து பழிவாங்கும் என்கிறார்களே?

பாம்புக்கு அப்படி நினைவு வைத்துப் பழிவாங்கும் மூளை அமைப்பு இல்லை. ஆனால் கொன்ற இடத்துக்கு இன்னொன்று வருவது நடக்கக்கூடியதுதான். முதல் பாம்பை அழைத்த எலியும் பொந்தும் அங்கேயே இருக்கின்றனவே. சாரையும் நாகமும் பிணையும் என்பதும் உண்மையல்ல. நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், அது சண்டை. சாரைக்கு நஞ்சு கிடையாது. ஒரு சாரை உங்கள் கொல்லையில் இருப்பது எலி குறையக் கிடைத்த பாக்கியம்.

கொன்றால் குற்றமா?

ஆம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, நஞ்சிடுவது, பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைப்பது எல்லாம் அதில் அடங்கும். 2022இல் வந்த திருத்தம் தண்டத்தொகையைக் கூட்டியது. உடும்பு முதல் அட்டவணையில் இருப்பது. அதைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. உடும்பு வீட்டுக்குள் வந்தால் கதவைத் திறந்து வைத்து விலகுங்கள், தானாகப் போகும். கீரியையும் வளர்க்கக் கூடாது. வீட்டு எலியைப் பிடிப்பதற்குத் தடையில்லை.

எலிக்கு என்ன செய்வது? நஞ்சு வைக்கலாமா?

நஞ்சைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. அதைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இங்கே அதன் விற்பனைக்குத் தடையும் இருக்கிறது. எவரேனும் இன்னும் விற்றால் வாங்காதீர்கள், வீட்டில் பழைய பசை இருந்தால் வைத்திருக்காதீர்கள். மற்ற நஞ்சுகளைத் தின்ற எலி பரணிடுக்கில் போய்ச் சாகும். அதைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும். எலி மட்டும் மீண்டும் பெருகும்.

ஒட்டும் அட்டை இன்னும் கொடியது. அதில் எலியோடு பல்லி, மூஞ்சூறு, அணில், ஓநாய்ப்பாம்பு எல்லாம் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும். இந்திய விலங்கு நல வாரியம் அதை எதிர்த்து அறிவுறுத்தியிருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெய் தடவி மெல்ல விடுவியுங்கள். பாம்பு என்றால் மீட்பாளரைக் கூப்பிடுங்கள்.

பழைய எலிப்பொறி போதும். சுட்ட தேங்காய்த் துண்டோ வறுத்த வேர்க்கடலையோ வைத்து, சுவரை ஒட்டியே பொறியை வையுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும். ஆனால் பொறி பாதி வேலைதான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். பெரிய எலிக்குப் பன்னிரண்டு. பொந்தில் உடைத்த கண்ணாடியைக் கலந்த சிமெண்ட் பூசுவது நம் பெரியவர்கள் செய்த வேலை, இன்றும் அதைவிடச் சிறந்தது இல்லை. குழாய் நுழையும் துளையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்து மேலே பூசுங்கள். வேர்க்கடலை மூட்டையைத் தரையில் வைக்காமல் இரும்பு டிரம்மில் போட்டு மூடுங்கள். பெருச்சாளி அடித்தளத்தைத் தோண்டினால், சுவரோரத்தில் ஓரடி ஆழத்துக்குச் சரளைக்கல் நிரப்புங்கள்.

எலி குறைய வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் வேலூர்ப் பகுதியில் மழைக்குப் பிறகு, குளிர்மாதங்களில் நிறையக் காணப்படுகிறது. எலியும் புதரும் உள்ள இடங்களில் வாழும் ஒட்டுண்ணிப் பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. அக்குளிலோ இடுப்பிலோ சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருந்து, காய்ச்சல் விடாமல் இருந்தால் அந்தப் பொருக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தோடு பார்த்தால் எளிய மாத்திரையில் குணமாகும்.

மூஞ்சூறையும் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். அது எலியே அல்ல; கரப்பானும் பூச்சியும் தின்பது. மூக்கு நீண்டு, நாற்றத்தோடு சுவரோரம் கீச்சிட்டு ஓடும். எலி போன்ற சிறு விலங்குகள் சுமக்கும் ஹான்டா வகை வைரஸ்களில் உலகில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட மூஞ்சூறிலிருந்து கிடைத்தது. இன்றும் அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றுதான் பெயர். மனிதர்களுக்குப் பெரிய நோய் தருவதாக அது அறியப்படவில்லை. ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம்.

ஓட்டு இடுக்கில் வௌவால்கள். என்ன வழி?

பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் இவை. ஒரு விரலளவு இடுக்கு போதும். கதவைத் தட்டிக் கூச்சலிட்டுத் துரத்துவதால் பயனில்லை. குட்டி இருந்தால் விட்டுவிட்டுப் போகவும் போகாது. மாலையில் பெரியவை பறந்து போன பிறகு, உள்ளே கீச்சொலி கேட்கிறதா என்று காது வைத்துப் பாருங்கள். கேட்டால் பறக்காத குட்டிகள் இருக்கின்றன என்று பொருள்; சில வாரங்கள் பொறுங்கள். கேட்காவிட்டால் இடுக்கின் மேல்விளிம்பில் மட்டும் நைலான் வலையை ஆணியடித்து, கீழே ஓரடி தொங்கவிடுங்கள். உள்ளிருப்பது கீழே நழுவி வெளியேறும், திரும்ப நுழையத் தெரியாது. ஒரு வாரம் கழித்து வலையை எடுத்துப் பூசிவிடுங்கள்.

எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் அணிந்து, முதலில் பிளீச்சிங் கரைசல் தெளித்து நனையவிட்டுப் பிறகு அள்ளுங்கள். தரையில் விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்காதீர்கள். பழந்தின்னி வௌவால் கடித்த கொய்யாவையும் மாம்பழத்தையும் தின்னாதீர்கள்.

குரங்கு சமையலறைக்குள் புகுந்துவிடுகிறது.

சோளிங்கர் மலையேறியவர்களுக்குக் குரங்கின் துணிச்சல் தெரியும். நாமே ஊட்டி வளர்த்த துணிச்சல் அது. உள்ளே புகுந்துவிட்டால் அதற்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டாதீர்கள். கையில் இருக்கும் தின்பண்டத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்குங்கள். குட்டி உள்ளே மாட்டியிருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாய் வெளியே காத்திருக்கும். கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். பட்டாசு வெடித்தால் இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் வரும். தெருவே சேர்ந்து உணவு போடுவதை நிறுத்தி, குப்பைத்தொட்டியை மூடி வைத்தால்தான் பலன் தெரியும்.

சிறுத்தை வீட்டுக்குள் வருமா?

ஆந்திர எல்லையில் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் நடமாட்டம் உண்டு. நாய்க்கும் ஆட்டுக்கும்தான் வருகிறது. உள்ளே புகுந்துவிட்டால் எல்லாரும் வெளியேறி, வெளியிலிருந்து கதவைத் தாழிட்டு 112ஐ அழையுங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். ஆட்டுப்பட்டிக்குக் கூரையோடு கம்பி அடைப்பு போட்டு, மாலைக்குள் அடைத்துவிடுங்கள்.

ஏசியின் வெளிப்பெட்டியில் அணில் கூடு கட்டியிருக்கிறது. கூகை பரணில் இருக்கிறது, அபசகுனமாமே?

அணில் குட்டிகள் கண் திறந்து வெளியே வரும்வரை அந்த ஏசியை ஓட்டாதீர்கள். பிறகு கூட்டை எடுத்து, பின்பக்கம் கம்பிவலை கட்டுங்கள்.

கூகை விடிய விடிய எலி பிடிக்கும் பறவை. குஞ்சுகள் சீறுவது கேட்டு அஞ்சி விரட்டுகிறார்கள். அந்தச் சில வாரங்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் கொல்லைக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. தேனடை மட்டும் வேறு விஷயம். பெருந்தேனீ அடையின் அருகே புகை போடாதீர்கள், கல்லெறியாதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

வாடகை வீடு. உரிமையாளர் எதையும் செய்ய மறுக்கிறார்.

பூச்சு வேலை அவருடையது. உங்கள் கையில் இருப்பவை கதவடிப் பட்டை, ஜாலி, குப்பை, கொசுவலை. பொந்தின் படத்தை எடுத்து, தேதியோடு அவருக்கு எழுத்தில் அனுப்பி வையுங்கள். ஒரு மூட்டை சிமெண்டின் செலவையும் மருத்துவமனைச் செலவையும் பக்கத்தில் வைத்து எழுதினால் பலர் இறங்கி வருகிறார்கள்.

இந்த வேலைகளை எந்த மாதத்தில் செய்வது நல்லது?

மாசி, பங்குனியில் ஒருமுறை. சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பாம்பு குளியலறைக்கு வரும். ஆனி, ஆடியில் பாம்புக்குட்டிகள் பரவும். புரட்டாசியில் இன்னொருமுறை, ஐப்பசி மழை பொந்துகளை நிரப்பி எல்லாவற்றையும் மேட்டுக்கு விரட்டுவதற்கு முன். பூசும் நாளுக்கு முந்தின இரவு பொந்துவாயில் கோலமாவைத் தூவிவிட்டு, காலையில் பார்த்த பிறகு சிமெண்டைக் குழையுங்கள். உள்ளே போன தடம் இருந்து, வெளியே வந்த தடம் இல்லையென்றால் அன்று வேலையை நிறுத்திவையுங்கள்.